நேரசூசியில் இல்லாத தரிப்பிடம்

1

இந்த நாட்டில் என்னை எல்லோரும் மீரா என்று கூப்பிடுகிறார்கள். மீராலெப்பை என் வாப்பாவின் பேர். நம்மட வழக்கப்படி வாப்பாவின் பேர் முன்னால் வரும், பிள்ளையின் பேர் பின்னால் வரும். ஆக நான் மீராலெப்பை ஜமால்தீன். வந்த புதிதில் குடிவரவு ஒபிஸில் படிவம் நிரப்பிய பெண்மணி, முன்னால் இருப்பதுதான் ஆளின் பேர் என்று எழுதிவிட்டார். பிறகு வேறொரு படிவத்தில் பேர் பெட்டிக்குள் அடங்கவில்லை என்று லெப்பையை யாரோ வெட்டிவிட்டார்கள். அன்று முதல் கிளாஸ்கோவில் எனக்கு வரும் கடிதமெல்லாம் திருமதி மீரா ஜமால்தீனுக்குத்தான் வருகிறது. திருத்தச் சொல்லி மூன்று முறை எழுதினேன். மூன்றாவது கடிதத்துக்கு வந்த பதிலும் 'அன்புள்ள அம்மணி' என்றே தொடங்கியிருந்தது. அத்தோடு விட்டுவிட்டேன். வாப்பாவின் பேரை இத்தனை வெள்ளைக்காரர்கள் நாளும் சொல்கிறார்களே என்று நினைத்துக்கொண்டால் கோபம் வராது.

கல்முனை டிப்போவில் பதினொரு வருஷம் பஸ் ஓட்டியவன் நான். அதில் ஆறு வருஷம் கண்டி ஓட்டம். விடியப்புறம் சுபஹு தொழுதுவிட்டு வண்டியை எடுத்தால் அம்பாறை, மகியங்கனை தாண்டி, பதினெட்டு வளைவு ஏறி, பகலில் கண்டியில் நிற்பேன். அந்த லைசன்ஸ் இங்கே செல்லாது என்றார்கள். மொழிபெயர்த்து, முத்திரை குத்தி, சத்தியக் கடதாசி வைத்துக் கொடுத்தும் செல்லாது. புதிதாகப் படித்துப் பரீட்சை எழுத வேண்டும். முதல் தரம் ஓட்டிக் காட்டியபோது தோற்றேன். காரணம், வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடித்தேன். பதினெட்டு வளைவில் ஹோர்ன் அடிக்காதவன் வீடு போய்ச் சேர மாட்டான். இங்கே ஹோர்ன் அடிப்பது ஒருவரை ஏசுவதற்குச் சமம் என்று பரீட்சகர் சொன்னார்.

ஒரு சிறிய சுற்றுலாக் கொம்பனியின் டிப்போவில் இரண்டு வருஷம் கோச் கழுவினேன். போன வசந்தத்தில் பரீட்சை பாஸானதும் முதலாளி ஓட்டத் தந்தார். மூன்று மாதம் பார்ப்பேன், பிழை வந்தால் திரும்பவும் தும்புத்தடியால் கூட்டிக் கழுவுகிற வேலைதான் என்றார். அந்த மூன்று மாதத்தின் கடைசிக் கிழமையில் நடந்ததைத்தான் எழுதப்போகிறேன்.

2

ஸ்கொட்லாந்தின் மலைநாட்டை ஒரே நாளில் காட்டிக் கொண்டுவரும் பயணம் அது. காலை எட்டு மணிக்குப் புறப்பட்டு ஏரிகள், பள்ளத்தாக்குகள், ஒரு பழைய கோட்டை எல்லாம் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பிவிட வேண்டும். வழமையாக ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் இந்த நாட்டு ஆண்கள் உடுக்கும் கட்டம் போட்ட பாவாடையைக் கட்டிக்கொண்டு வந்து, மைக்கைப் பிடித்து வரலாறு சொல்லுவார். நான் ஓட்டுவேன். அன்று காலை அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. முதலாளி தட்டச்சு செய்த ஆறு தாளை என் கையில் தந்து, இந்தந்த இடத்தில் இதை வாசித்தால் போதும் என்றார்.

என் மகள் ரிஸானாவும் அன்று வந்திருந்தாள். பதின்மூன்று வயது. பள்ளி விடுமுறை, பொஞ்சாதிக்கு ஆஸ்பத்திரித் துப்புரவு வேலை, வீட்டில் தனியே விட மனமில்லை. முதலாளி, கடைசி சீட் காலியாகத்தான் கிடக்கிறது, ஏற்றிக்கொள் என்று சொல்லியிருந்தார். அவளுக்கு விருப்பமில்லை. காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு கடைசியில் போய்க் குந்தினாள்.

அவளைப் பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டும். எங்கட ஊர் சவளக்கடையை விட்டு எழும்பும்போது அவளுக்கு ஐந்து வயது. நான் முன்னால் இங்கே வந்துவிட, அவள் உம்மாவோடு கல்முனைக்குடியில் இருந்தபோது வாய் மூடாமல் கதைப்பாளாம். இங்கே வந்து நாலு வருஷத்தில் அவளுடைய தமிழ் வீட்டுக்குள் சுருண்டுவிட்டது. வா, சாப்பிடு, படு, விளக்கை அணை. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் இங்கிலீஷில் பதில் சொல்லுவாள். ஆருடைய பிழை என்று இப்போது யோசிக்கிறேன். அவளிடம் நாங்கள் கதைத்ததும் அதே வா, சாப்பிடு, படுதான். என்னத்துக்கு இந்த நாட்டுக்கு வந்தோம் என்று ஒருமுறை கேட்டபோது, வேலைக்கு என்று சொல்லி முடித்துவிட்டேன்.

3

முப்பத்தொரு பிரயாணிகள். அமெரிக்கர், ஜெர்மன்காரர், இங்கிலாந்துக்காரர். முதல் ஏரியைப் பற்றி நான் வாசித்தது ஒருவருக்கும் விளங்கியிருக்காது. ஆனாலும் மரியாதைக்குச் சன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

ஏரி முடிந்து வீதி ஏறத் தொடங்கியது. ஏற ஏற மரம் குறைந்து, கடைசியில் மரமே இல்லை. ஊவா மலையில் ஏறினால் தேயிலை இருக்கும், லயன் வீடு இருக்கும், தலையில் கூடையோடு ஆள் இருக்கும். இங்கே பழுப்பு நிறப் புல்லும் கறுத்த தண்ணிக் குட்டைகளும்தான். கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு கூரை இல்லை. இந்த இடத்துக்கு என்ன எழுதியிருக்கிறது என்று தாளை ஒரு கண்ணால் பார்த்தேன். ரானக் மூர் என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

நம்மட பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் இனம் என்ற இடத்தில் இங்கிலீஷில் மூர் என்றுதான் இருக்கும். எங்களைப் போன்ற முஸ்லிம்களை, சோனகரை, வெள்ளைக்காரன் கூப்பிட்ட சொல். எனக்கு வேறு மூர் தெரியாது. இந்த நடுக்காட்டில் நம்மட ஆள் ஒருவர் வாழ்ந்திருக்கிறாரே என்று மனசு துள்ளியது. மைக்கில் சொன்னேன்: இந்த நிலமெல்லாம் ரானக் என்ற ஒரு பெரிய மனிதருடையது, அவர் ஒரு மூர், நானும் ஒரு மூர்தான்.

கோச் முழுக்கச் சிரித்தது. கெட்ட சிரிப்பில்லை. ஆனால் அடங்காத சிரிப்பு. பின்னால் இருப்பவர்களைக் காட்டும் கண்ணாடியில் பார்த்தேன். ரிஸானா காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு முகம் சிவந்துபோய் சீட்டுகளுக்கு நடுவே வந்துகொண்டிருந்தாள்.

"வாப்பா, மைக்கைத் தாங்க," என்றாள்.

மூர் என்றால் இங்கே ஒன்றும் விளையாத சதுப்பு நிலமாம். அதை எனக்குச் சொல்லிவிட்டு, வழிகாட்டியின் சீட்டில் குந்தி, தாளை எடுத்து வாசிக்கத் தொடங்கினாள். கொஞ்சத் தூரம் போனதும் தாளை மடியில் வைத்துவிட்டாள். பள்ளியில் படித்ததெல்லாம் அவளுக்கு வந்தது. கிளாஸ்கோப் பிள்ளைகளின் இழுப்போடு, தன்னுடைய வீட்டுக் கதை போலச் சொன்னாள். பனிக்காலத்தில் விருந்தாளியாக வந்து தங்கிய சிப்பாய்கள், சோறு போட்ட வீட்டாரையே விடியப்புறத்தில் வெட்டிய பள்ளத்தாக்கைக் காட்டினாள். மலைநாட்டில் ஏன் ஆளில்லை என்றும் சொன்னாள். ஆள் இருந்தார்களாம், நிறைய. நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆடு வளர்ப்பது இலாபம் என்று கண்டு குடியிருந்தவர்களை வீட்டை விட்டு எழுப்பினார்களாம். சில இடங்களில் கூரைக்கு நெருப்பு வைத்து எழுப்பினார்களாம். அவர்கள் கப்பலேறிக் கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போனார்களாம்.

ஒரு ஜெர்மன்காரர், உனக்கு எந்த ஊர் என்று கேட்டார். அவள் கிளாஸ்கோ என்றாள். மேற்கொண்டு அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

என் மகளின் குரலை அத்தனை நேரம் தொடர்ந்து நான் கேட்டது அன்றுதான். பெருமையாகவும் இருந்தது. சுடவும் செய்தது. கியரை மாற்றிக்கொண்டு வீதியைப் பார்த்து ஓட்டினேன்.

4

பகல் சாப்பாட்டுக்கு ஒரு மலையடிவார நகரத்தில் நிறுத்தினேன். எல்லோரும் இறங்கிப் போனதும் கடைசி சீட்டுகளுக்குப் பின்னால் தொழுகைப் பாயை விரித்து லுஹர் தொழுதேன். பொஞ்சாதி கட்டித்தந்த மீன் கட்லட்டைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது ஒரு அம்மா ஏறி வந்தார். காலையிலிருந்து முன்சீட்டில் தனியே இருந்தவர், எழுபது தாண்டியிருக்கும், கையில் ஊன்றுகோல். பேர் ஜீன். கனடாவிலிருந்து வந்திருந்தார்.

கைப்பையிலிருந்து ஒரு பழைய வரைபடத்தின் பிரதியை எடுத்தார். சிவப்புப் பேனையால் ஒரு புள்ளி போட்டிருந்தது. அவருடைய பாட்டனாரின் வாப்பா பிறந்த வீடாம். அவர் சின்னப் பிள்ளையாகக் கப்பலேறியவராம். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் ஒருவரும் வந்து பார்க்கவில்லையாம். நாங்கள் போகும் வீதியிலிருந்து இரண்டு மைல் உள்ளே. அங்கே கொஞ்சம் நிறுத்த முடியுமா என்று கேட்டார்.

முடியாது என்றேன். வண்டியில் ஒரு கருவி இருக்கிறது. ஓடிய நேரத்தையும் நின்ற நேரத்தையும் ஒரு வட்டத் தாளில் கோடாகக் கீறிக்கொண்டே இருக்கும். நேரசூசியில், பயண அட்டவணையில், இல்லாத இடத்தில் நின்றால் மறுநாள் அந்தத் தாள் முதலாளியின் மேசையில் என்னைக் காட்டிக்கொடுக்கும். அதோடு முதலாளி தந்த மூன்று மாதத் தவணையில் எனக்கு மிச்சமிருந்தது ஒரு கிழமை. இதையெல்லாம் சொல்ல எனக்கு இங்கிலீஷ் காணவில்லை. ரூல் என்று மட்டும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, வரைபடத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தார். கோபிக்கவில்லை. இறங்கும்போது படியில் நின்ற ரிஸானா கேட்க, அவளிடமும் விஷயத்தைச் சொன்னார்.

வண்டி புறப்பட்டது. ரிஸானா மைக்கை எடுக்காமல் பக்கத்தில் இருந்தாள். இரண்டு மூன்று மைல் போனபின், மைக்கைக் கேட்டதற்குப் பிறகு வராத தமிழ் அவளுக்கு வந்தது.

"வாப்பா, அவங்க இன்னொரு தரம் வரமாட்டாங்க."

மணிக்கூட்டைப் பார்த்தேன். அந்தக் கிளைவீதி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஒதுக்கிடத்தில் நிறுத்தினேன். பிரயாணிகளிடம் கேள் என்று மகளிடம் சொன்னேன். அவள் மைக்கில் விஷயத்தைச் சொல்லி, கோட்டையில் நிற்கும் நேரம் குறையும், திரும்பி வரவும் பிந்தும், சம்மதமா என்று கேட்டாள். அநேகம் பேர் கையை உயர்த்தினார்கள். ஒரு இங்கிலாந்துத் தம்பதி மட்டும் இரவு ரயில் பிடிக்க வேண்டும், தாங்கள் காசு கொடுத்தது கோட்டை பார்க்க என்றார்கள். அவர்கள் சொன்னது நியாயம். இருந்தும் இடது பக்கம் சிக்னல் போட்டேன்.

ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய ஒடுங்கிய பாதை. கண்டி ஓட்டத்தில் படித்ததெல்லாம் அன்று கைக்கு உதவியது. பாதை அகலமான ஒரு இடத்தில் வண்டியை நிறுத்தினேன். வரைபடத்தின்படி பத்து நிமிஷம் மேலே ஏற வேண்டும். ஜீனுக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் ரிஸானா. இடுப்பளவு பன்னச் செடி, இறகு போல விரிந்த இலை. மூன்று இடத்தில் நின்று நின்று ஏறினோம்.

மேலே நாலைந்து வீடுகளின் கல்சுவர்கள் இருந்தன. நெஞ்சளவு உயரம், பாசி பிடித்தவை. ஓடையிலிருந்து மூன்றாவது வீடு என்று எழுதியிருந்ததாம். எண்ணிப் பார்த்து அங்கே போனோம். வாசலிருந்த இடைவெளியால் உள்ளே நுழைந்தோம். ஆட்டுப் புழுக்கை. ஒரு மூலையில் கருகிய கல் ஒன்று, அடுப்படியாக இருந்திருக்கும். ஜீன் கையுறையைக் கழற்றிவிட்டு அந்தக் கல்லில் கையை வைத்தார். அழவில்லை. கல்லொன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. தலையை உயர்த்தி மேலே வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக ஒன்று சொன்னார். எனக்குப் பாதிதான் விளங்கியது. என்ன சொல்கிறார் என்று மகளைக் கேட்டேன்.

அவள் சொல்லுச் சொல்லாகத் தேடித் தமிழில் சொன்னாள்.

"இவங்க போன பிறகு வேற ஆராவது வந்து இருந்திருந்தா, இந்த வீட்டுக்குக் கூரை இருந்திருக்குமாம்."

நான் வெளியே வந்து நின்றேன். கீழே கோச் ஒரு தீப்பெட்டி மாதிரித் தெரிந்தது. இறங்கிவிட வேண்டும், நேரம் போகிறது என்று எனக்குத் தெரியும். கால் வரவில்லை.

5

கோட்டையைப் பிரயாணிகள் வாகனத் தரிப்பிடத்தில் நின்று பார்த்ததோடு சரி. பெரிய ஏரியின் கரையில் கால் மணித்தியாலம். கிளாஸ்கோவுக்கு ஒரு மணித்தியாலமும் பத்து நிமிஷமும் பிந்தி வந்தோம். இங்கிலாந்துத் தம்பதியின் ரயில் போய்விட்டது. அவர்கள் என் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். ஜீன் இறங்கும்போது என் கையைப் பிடித்தார், ரிஸானாவைக் கட்டிக்கொண்டார், போனார்.

ஜூலை மாதம், இன்னும் வெளிச்சம் இருந்தது. டிப்போவில் வண்டியை விட்டுவிட்டுக் கூட்டத் தொடங்கினேன். ரிஸானா முன்சீட்டில் காலை மடித்துக்கொண்டு இருந்தாள்.

"நம்மட வீட்டுக்கும் கூரை இல்லியா வாப்பா?"

எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. சவளக்கடை வீட்டைத்தான் கேட்டாள். அதைப் பற்றி நாங்கள் அவளிடம் கதைத்ததே இல்லை. அவளுடைய உம்மாவும் நானும் குசினியில் கதைத்ததை எப்போதோ கேட்டிருக்கிறாள்.

"கூரை இரிக்கி மகள்," என்றேன்.

"அப்ப ஆரு இரிக்காங்க அதுல?"

தும்புத்தடியைச் சாய்த்துவிட்டு எதிர்ச் சீட்டில் குந்தினேன். சொல்ல வேண்டிய இடம் வந்துவிட்டது.

தொண்ணூறில் நாங்கள் கல்முனைக்குடிக்கு எழும்பி வந்ததைச் சொன்னேன். தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் இடையில் போக்குவரத்து நின்று, சந்தைக்குப் போனவர் வருவாரா என்று பார்த்திருந்த காலம். அடுப்பில் சோறு கொதிக்கும்போதே உழவு மெசின் இழுக்கும் பெட்டியில் ஏறினோம். உன்னை உம்மா மடியில் வைத்திருந்தா. இரண்டு நாளில் திரும்பலாம் என்று நினைத்துக் கதவைப் பூட்டித் திறப்பைக் கொண்டு வந்தோம். திரும்பவில்லை. இந்த நாட்டுக்கும் பயந்துதான் வந்தோம், வேலைக்கு வரவில்லை என்றேன்.

பக்கத்துத் தமிழ் ஊரைச் சேர்ந்த தங்கராசாவைப் பற்றியும் சொன்னேன். எங்கட வயலுக்கும் அவருடைய வயலுக்கும் ஒரே வாய்க்கால்தான். எங்களுக்குப் பிறகு சில மாதத்தில் அவருடைய வீடும் எரிந்தது. நாலு பிள்ளைகளோடு பள்ளிக்கூடங்களிலும் கோவில்களிலும் அலைந்துவிட்டு, கடைசியில் பூட்டை உடைத்து எங்கட வீட்டில் குடியேறினார். அதற்கு முந்திய வருஷம் ஊரிலிருக்கும் மச்சான் மூலமாக எனக்கு ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். 'கேக்காம வந்து இருந்திட்டம். ஓடு கழண்டு கிடந்தத கட்டியிரிக்கன். நீங்க வரக்குள்ள நாங்க எழும்பிருவம். ஒரு சொல் எழுதுங்க' என்று இருந்தது.

"நீங்க என்ன எழுதின?"

"ஒண்டும் எழுதல்ல."

"ஏன்?"

உண்மையைச் சொன்னேன். இருங்க என்று எழுதினால் வீட்டைக் கையால் எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கும். எழும்புங்க என்று எழுதினால் நாலு பிள்ளைகளோடு அந்த மனிசன் எங்கே போவார். அதோடு இன்னொன்றும் இருந்தது. என் வீட்டுக் குசினியில் வேறு ஒருத்தி ஆணம் காய்ச்சுகிறாள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு எரிச்சல் வரும். நாங்கள் ஆருக்குப் பயந்து போனோம் என்று தெரிந்தவர்கள்தானே அங்கே இருக்கிறார்கள் என்று வரும். அதைத் தங்கராசாவின் தலையில் போடுவது சரியில்லை என்றும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் கடிதம் மேசை லாச்சிக்குள் கிடந்தது.

ரிஸானா கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு ஒன்றுதான் ஞாபகம் இருக்கிறது என்று இங்கிலீஷில் சொன்னாள். ஒரு கிணறு. உள்ளே எட்டிப் பார்த்துத் தன் பேரைச் சொன்னால் பேர் திரும்பி வரும். அது உண்மையா, கனவா என்று இவ்வளவு நாளும் தெரியாமல் இருந்ததாம்.

உண்மைதான் என்றேன். விழுந்துவிடுவாள் என்று உம்மா ஏசுவதையும் சொன்னேன். அவள் சிரித்தாள். பிறகு எழும்பி அடுத்த வரிசையிலிருந்த கடதாசிக் குப்பைகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

6

மறுநாள் முதலாளி வட்டத் தாளை மேசையில் விரித்து வைத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். அவருடைய உம்மாவின் ஆட்களும் அந்தப் பக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவர்கள்தானாம். ஆனாலும் கொம்பனி கொம்பனிதான் என்றார். தவணையை இன்னும் மூன்று மாதம் நீட்டி, மலைநாட்டு ஓட்டத்தை வேறொருவருக்குக் கொடுத்து, எனக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலையைத் தந்தார். ரயிலைத் தவறவிட்டவர்களுக்கு மன்னிப்புக் கடிதமும் எழுத வேண்டும் என்றார். அதை ரிஸானா எழுத, நான் கையெழுத்துப் போட்டேன். இந்த வருஷம்தான் மலைப் பாதை திரும்ப என் கைக்கு வந்திருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை குசினி மேசையில் குந்தித் தங்கராசாவுக்குக் கடிதம் எழுதினேன். ஐந்தாறு தாள் கிழித்தேன். கடைசியில் எழுதியது சிறிய கடிதம்தான். சுகம் விசாரித்து, பிந்தியதற்கு மன்னிப்புக் கேட்டு, கூரையைக் கட்டியதற்கு நன்றி சொல்லி, நீங்க இருங்க, நாங்க வந்தாலும் ஒண்டாக் குந்திக் கதைச்சுப் பாப்பம் என்று முடித்தேன். பொஞ்சாதி வாசித்துவிட்டு முகவரி எழுதிய உறையை எடுத்துத் தந்தாள்.

ஒட்டுவதற்கு முன்னால் ரிஸானா வந்து கடிதத்தைக் கேட்டாள். ஒரு வரி எழுத வேண்டுமாம். தமிழ் எழுத்தை உம்மாவிடம் கேட்டுக் கேட்டு, கொம்பு எது, கால் எது என்று தடுமாறி, அரை மணித்தியாலம் எடுத்தாள். என்ன எழுதினாள் என்று நான் பார்க்கவில்லை. ஒட்டி அனுப்பிவிட்டோம்.

பதில் வர இரண்டரை மாதம் ஆனது. தங்கராசா எனக்கு ஒரு பக்கம் எழுதியிருந்தார். வாய்க்கால் வெட்டியது, மழை பிந்தியது, பிள்ளைகளின் படிப்பு. அதோடு தனியாக மடித்த ஒரு கொப்பித் தாள் இருந்தது. மேலே ரிஸானாவின் பேர். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, விரலால் எழுத்தைத் தொட்டுத் தொட்டுச் சத்தமாக வாசித்தாள்.

"மகள், கிணத்துல தண்ணி நல்லா இரிக்கு. என்ட சின்னவள எட்டிப் பாத்து உங்கட பேரச் சொல்லச் சொன்னன். சொன்னாள். வந்திச்சு."